மிகப் பெரிய பகா எண் என்று ஒன்று இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் அறிவியல் பக்கத்தில் 'உலகின் மிகப் பெரிய பகா எண்' என்ற தலைப்பைக் கண்டதிலிருந்து என் மனம் ஆறவில்லை. ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் பகா எண்களுக்கு முடிவே இல்லை என்று கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நிறுவிவிட்டதைத் தாங்கள் அறியாதவர் அல்லர். 2024 அக்டோபரில் கலிபோர்னியாவைச் சேர்ந்த லூக் டுரான்ட் கண்டறிந்தது, இதுவரை நமக்குத் தெரிந்த பகா எண்களில் பெரியது; அவ்வளவே.

இதில் என்ன கெட்டுவிட்டது என்று கேட்பீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் பள்ளிகளுக்கிடையே நடந்த வினாடி வினாவில் இதே கேள்விக்கு, "அப்படி ஓர் எண் கிடையாது" என்று சரியாகப் பதில் சொன்ன என் மாணவிக்கு மதிப்பெண் மறுக்கப்பட்டது. நடுவர் ஆதாரமாக நீட்டியது ஒரு பத்திரிகைத் துணுக்கை. அந்தப் பிள்ளை கண்கலங்கி நின்றதை நான் மறக்கவில்லை.

எண்ணையாவது சரியாக அச்சிட்டீர்களா? அடுக்கை மேலே ஏற்றாமல் 2136279841-1 என்று போட்டிருக்கிறீர்கள். அச்சில் உள்ளபடி கழித்தால் 2136279840 வருகிறது. பூச்சியத்தில் முடியும் எண் பத்தால் வகுபடும் என்பதை ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும். உண்மையான எண், 2-இன் 136279841ஆம் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்து வருவது. அதற்கு 4,10,24,320 இலக்கங்கள். 2018 டிசம்பரில் இதற்கு முந்தைய எண் கிடைத்தபோதும் இதே பிழை வந்தது. அப்போது நான் எழுதிய கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை.

இந்தத் தேடலுக்கு டுரான்ட் செலவழித்த பணத்தை விரிவாக எழுதிய கட்டுரையாளர், அது பகா எண்தான் என்று எப்படி உறுதிசெய்தார்கள் என்பதற்கு ஒரு வரிகூட ஒதுக்கவில்லை. இத்தகைய எண் பகா எண்தானா என்று பார்க்க உதவும் லூக்காஸ்-லேமர் சோதனை பள்ளிப் பிள்ளைக்கும் எட்டக்கூடியது. 2-இன் ஐந்தாம் அடுக்கில் ஒன்று குறைந்த 31-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 4-இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி, இரண்டைக் கழித்து, 31-ஆல் வகுத்து மீதியை வைத்துக்கொண்டே போனால் 14, 8, 0 என வருகிறது. அடுக்கைவிட இரண்டு குறைவான படியில், அதாவது மூன்றாம் படியில் பூச்சியம் வந்ததால் 31 பகா எண். புதிய எண்ணுக்கும் இதே கணக்குதான். படிகள் மட்டும் பதின்மூன்று கோடிக்கு மேல். அடுக்கு பகா எண்ணாக இருந்தால் மட்டும் போதாது என்பதற்குப் பதினொன்றாம் அடுக்கே சான்று: அதில் ஒன்று குறைந்த 2047 என்பது 23-ஐ 89-ஆல் பெருக்கினால் வருவது. இதையெல்லாம் விட்டுவிட்டு, வங்கிக் கணக்குகளைப் பாதுகாக்க இந்த எண் உதவும் என்று எழுதியிருப்பது வேதனை தருகிறது. வங்கிகளுக்குச் சில நூறு இலக்கங்கள் கொண்ட, பிறர் அறியாத பகா எண்களே வேண்டும். உலகமே அறிந்த எண் எதற்கு?

அடுத்த இதழில் ஒரு திருத்தம் வெளியிடுங்கள். தலைப்பில் 'இதுவரை அறியப்பட்ட' என்ற சொற்களைச் சேர்த்து, அடுக்கை அதற்குரிய இடத்தில் சிறிய எழுத்தில் அச்சிட்டால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
கும்பகோணம்.