தலைமைத் தளபதியின் எல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்க அதிபரின் போர்க்கால அதிகாரம் பற்றித் தங்கள் சென்ற இதழில் வெளியான கட்டுரை, போர் மூண்டபின் அதிபரைத் தடுக்க எவராலும் இயலாது என்ற முடிவுக்கு வருகிறது. நடைமுறையைப் பார்த்தால் அப்படித் தோன்றுவது இயல்பே. எனினும், அந்நாட்டு அரசமைப்புச் சட்டம் அவ்வாறு சொல்லவில்லை.

போர் அறிவிப்பதும் படைகளுக்குப் பணம் ஒதுக்குவதும் முதற்பிரிவின்படி நாடாளுமன்றமான காங்கிரஸின் உரிமைகள். அதிபரைப் படைகளின் தலைமைத் தளபதி ஆக்குவது இரண்டாம் பிரிவு. 1787 ஆகஸ்டில், அரசமைப்பை வரைந்த பிலடெல்பியா மாநாட்டில், வரைவில் இருந்த ‘போர் நடத்துதல்’ என்ற சொல்லை ‘போர் அறிவித்தல்’ என்று மாற்றுமாறு பிரதிநிதிகளான மேடிசனும் ஜெரியும் கோரியபோது, திடீர்த் தாக்குதலை முறியடிக்கும் உரிமையை அதிபருக்கு விட்டுவைப்பதே நோக்கமாகச் சொல்லப்பட்டது. அந்தச் சிறிய சந்தின் வழியேதான் பிற்காலத்தில் பெரிய போர்களும் நுழைந்தன.

கட்டுரையாளர் 1952ஆம் ஆண்டின் எஃகு ஆலை வழக்கைக் குறிப்பிடாதது எனக்கு வியப்பளித்தது. கொரியப் போரின் நடுவே எஃகுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்துக்கு ஆயத்தமானபோது, படைக்கலன்களுக்கு எஃகுத் தட்டுப்பாடு வந்துவிடும் என்று கூறி, அதிபர் ட்ரூமன் ஏப்ரல் 8 அன்று ஆலைகளை அரசின் பொறுப்பில் எடுத்துக்கொள்ள உத்தரவிட்டார். உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளுமே ட்ரூமனாலோ, அவருடைய கட்சியைச் சேர்ந்த முந்தைய அதிபர் ரூஸ்வெல்ட்டாலோ அமர்த்தப்பட்டவர்கள். இருந்தும் ஜூன் 2 அன்று ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அந்த உத்தரவு செல்லாது என்று தீர்ப்பாயிற்று. இராணுவத்துக்கும் கடற்படைக்கும் தளபதியாக இருப்பவர், அதனாலேயே நாட்டின் தொழில்களுக்கும் குடிமக்களுக்கும் தளபதியாகிவிட மாட்டார் என்று நீதிபதி ஜாக்சன் தம் தனித் தீர்ப்பில் விளக்கினார். போர் நடந்துகொண்டிருக்கும்போதே ட்ரூமன் ஆலைகளைத் திருப்பிக் கொடுத்தார். அவர் அஞ்சிய வேலைநிறுத்தமும் நடந்தது.

நீதிமன்றம் எப்போதும் இவ்வளவு உறுதியாக நின்றதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வம்சாவளியினரை மேற்குக் கடற்கரையிலிருந்து வெளியேற்றும் உத்தரவை 1944இல் அது ஏற்றுக்கொண்டது.

1973ஆம் ஆண்டின் போர் அதிகாரத் தீர்மானம் என்ற சட்டத்தில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. காங்கிரஸின் ஒப்புதலின்றி அறுபது நாட்களுக்கு மேல் படைகளைப் போரில் ஈடுபடுத்தக் கூடாது என்கிறது அது. 2011இல் லிபியாவில் அந்தக் கெடு கடந்தபோது, அங்கே நடப்பது சட்டம் குறிப்பிடும் ‘போர்ச் செயல்’ என்ற வரையறைக்குள் வராது என்று ஒபாமா அரசு வாதிட்டுத் தாக்குதலைத் தொடர்ந்தது. ஒரு சொல்லின் பொருளை வளைத்தாலே தாண்டிவிடக்கூடிய வேலி அது.

காங்கிரஸின் கையில் இருக்கும் பணப்பையின் கதை வேறு. 1973 ஆகஸ்ட் 15க்குப் பின் கம்போடியா மீது குண்டுவீச ஒரு காசும் செலவிடக் கூடாது என்று காங்கிரஸ் சட்டம் இயற்றியது. அதிபர் நிக்சன் அதில் கையெழுத்திட்டார். குறித்த நாளில் குண்டுவீச்சு நின்றது. இதையும் தங்கள் வாசகர்கள் அறியும்படி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்