பாப்பாவுக்கு, வியாசர்பாடிலேர்ந்து நைனா

பாப்பா,

நேத்து நைட்டு நீ போன்ல பேசுனதுலேர்ந்து எனக்கு தூக்கமே வர்ல. "பிஎச்டி இல்லாம பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் வேலைக்கு வெளிநாட்ல எவனும் எடுக்க மாட்டான் நைனா, அஞ்சு வருசம் போனா போவுது, அத்தயே பண்ணித் தொலைக்கிறேன்"னு சொன்ன பாரு, தொலைக்கிறேன்னு சொல்ற படிப்ப எப்டிமா அஞ்சு வருசம் படிப்ப? போன்ல எதுனா சொன்னா நடுவுல பூந்து பேசுவ, அதான் உக்காந்து டைப் பண்றேன், எழுத்து தப்பா இருந்தா கண்டுக்காத.

மாடி வூட்டு அக்கா பையன் போன மாசம் ஜெர்மனிலேர்ந்து வந்திருந்தான். உன்ன மாதிரியே வெறும் எம்எஸ்சி தான். அங்க ஒரு ஆஸ்பத்திரில கேன்சர் பேஷண்ட்டுங்களோட ஜீன் டேட்டாவ கம்ப்யூட்டர்ல அலசிப் பாக்குற வேலை. ஞாயித்துக்கெழம காசிமேட்டு சங்கரா கொழம்ப ரெண்டு வாட்டி ஊத்திக்கினு அவன் சொன்னது இது. போஸ்ட்டாக்னு போட்டிருந்தா அது பிஎச்டி முடிச்சவங்களுக்கு, அங்க போயி மோதாத. பயோஇன்ஃபர்மேட்டிஷியன், ரிசர்ச் சாஃப்ட்வேர் இன்ஜினியர், டேட்டா க்யூரேட்டர், இந்த மாதிரி பேர்ல வர்றத பாரு. அதுல நெறய எடத்துல பிஎச்டி "இருந்தா நல்லது"ன்னு இருக்கும், இல்லன்னா "பிஎச்டி அல்லது அதுக்கு சமமான அனுபவம்"னு இருக்கும். நீ பிஎச்டின்ற எழுத்த பாத்ததும் மூடிட்ற, அந்த "அல்லது" வரைக்கும் போறதே இல்ல.

ஜெர்மனி யூனிவர்சிட்டில மாஸ்டர்ஸ் முடிச்சவங்களுக்கு இ13ன்னு ஒரு சம்பள கிரேடாம். பிஎச்டி பண்றவங்களுக்கும் அதே கிரேடு தான், ஆனா முழு சம்பளம் இல்ல, நெறய பேருக்கு பாதி இல்லாட்டி 65 பர்சன்ட்னு கான்ட்ராக்ட் போடுவாங்களாம். அதாவது அங்க பிஎச்டின்றதே சம்பளத்துக்கு பாக்குற வேலை மாதிரி. அப்ப இன்னா அவசரம், மொதல்ல வேலைக்கு போ, அப்புறம் உனக்கே ஆச வந்தா அங்கயே பண்ணு, யார் வேணான்றாங்க.

இங்கிலாந்துல கேம்பிரிட்ஜ் பக்கத்துல ஹிங்ஸ்டன்னு ஒரு கிராமமாம், ஜீன் ஆராய்ச்சி பண்ற சாங்கர் இன்ஸ்டிட்யூட்டும், ஜீன் டேட்டாவ சேத்து வெக்கிற இபிஐயும் ஒரே காம்பவுண்டுக்குள்ளயே இருக்காம், அதையும் பாத்து வை. அமெரிக்காவ இப்போதைக்கு வுடு. அங்க வேலைக்கு போற ஹெச்1பி விசா வருசத்துக்கு 85,000 தான், அதுவும் குலுக்கல், யூனிவர்சிட்டி, லாபம் பாக்காத ஆராய்ச்சி எடங்க மாதிரி சிலதுக்கு தான் அந்த கணக்கு இல்ல. குலுக்கல நம்பி நான் லாட்டரி வாங்குனதோட போவட்டும்.

இப்ப என் கதைய கேளு. எத்தினி வாட்டி சொல்லுவன்னு திட்டாத. 84ல ரயில் பொட்டி செய்ற ஐசிஎஃப்ல வெல்டர் வேலைக்கு என்ன நிக்க வெச்சப்ப ஐடிஐ சர்ட்டிபிகேட்ட கைல புடிச்சிக்கினு போனேன், அந்த மேஸ்திரி வாங்கி பாக்க கூட இல்ல. ரெண்டு பிளேட்ட குடுத்து சேருன்னாரு. ஓரத்த சாய்வா தேச்சி, அடில ஒரு ரன்னு, மேல மூணு ரன்னு, நடுநடுவுல மேல படியற கசட தட்டித் தட்டி வெல்டு போட்டு குடுத்தேன். அத்த பட்டையா அறுத்து, மேல மேடா இருக்கறத கிரைண்டர்ல தேச்சி, பெண்டிங் மெஷின்ல வெச்சி யூ மாதிரி மடக்குனாங்க. மடங்குன எடத்துல வெடிப்பு வுட்டா வூட்டுக்கு போ, வுடலன்னா உள்ள வா, அவ்ளோ தான். கண்ணாடி மாதிரி மின்னுற வெல்டுங்க கூட மடக்குனா புட்டுக்கும், என்னுதுக்கு மேல மூஞ்சி அழகா இல்ல, ஆனா தாங்குச்சி.

உன் வேலைலயும் அந்த மாதிரி ஒண்ணு இருக்குன்னு நீ தானே போன பொங்கலுக்கு சொன்ன? ஜீனோம் இன் எ பாட்டில்னு, அமெரிக்கால அளவு, தரம் பாக்குற அந்த என்ஐஎஸ்டி கவர்மெண்ட் ஆளுங்க ஒரு சில பேரோட மொத்த ஜீனையும், அதான் ஜீனோம, வேற வேற வழில படிச்சி, எங்கெங்க மாத்தம் இருக்குன்னு விடையோட எல்லாருக்கும் வெளிய வுட்டு வெச்சிருக்காங்கன்னு. ஜீன் டேட்டாவ வரிசையா அலச நீ எழுதுன புரோகிராம, அந்த பைப்லைன, அதுல எச்ஜி002ன்னு பேர் வெச்ச ஒருத்தரோட ஜீனோம் மேல ஓட்டி, எத்தினிய கண்டுபுடிச்ச, எத்தினிய வுட்டுட்ட, எத்தினி இல்லாதத இருக்குன்னு சொன்ன, எல்லாத்தையும் ஊரே பாக்குற மாதிரி புரோகிராமுங்கள போட்டு வெக்கிற கிட்ஹப்ல அப்டியே போடு. அது தான்மா உன் பெண்ட் டெஸ்ட்டு. தப்பையும் மறைக்காம போடு. மாடி பையன் இன்னொண்ணும் சொன்னான், என்எஃப்-கோர்னு எல்லாரும் சேந்து பைப்லைன் எழுதுற எடமாம், அதுல சின்ன சின்ன கோளாற சரி பண்ணி அனுப்பிக்கினே இருந்தானாம், அந்த வேலைய பாத்தவங்க தான் இண்டர்வியூவுக்கு கூப்டாங்களாம். நாலு வருசமா பெங்களூர்ல நீ ஓட்டுற டேட்டாவ கம்பெனி வெளிய காட்ட வுடாது, சரி. இதுக்கு யார் பர்மிஷனும் வேணாமே.

அம்மா கல்யாணப் பேச்ச எடுக்க சொன்னா. எடுத்துட்டேன்னு நெனச்சிக்கோ.

அப்புறம் வெளிநாட்டு யூனிவர்சிட்டிங்கள்ல எத ஏத்துக்கலாம்னு ஜெர்மனிக்காரன் 'அனபின்'ன்ற பேர்ல ஒரு லிஸ்ட்டு வெச்சிருக்கானாம், நீ படிச்ச யூனிவர்சிட்டி அதுல எச் பிளஸ்னு, அதாவது ஏத்துக்கினதா, இருக்கான்னு மொதல்ல பாரு. உன் பாஸ்போர்ட்ல என் பேர் முழுசா இருக்கு, டிகிரில வெறும் இனிஷியல் தான் இருக்கு, அத்த இப்பவே சரி பண்ணணும்னு மாடி பையன் சொன்னான். டிகிரிய போட்டோ புடிச்சி எனக்கு அனுப்பு. திங்கக்கெழம பெரம்பூர்ல நோட்டரிய பாத்து, இன்னா பண்ணணும்னு கேட்டுட்டு வர்றேன்.

நைனா