வேல்ஸ் பள்ளிகளைப் பற்றி நீ கேட்டதற்கு

அன்புள்ள ரவி,

உன் கடிதம் கிடைத்தது. வேல்ஸின் தலைநகர் கார்டிஃபில் வேலை உறுதியானது கேட்டு மிக்க மகிழ்ச்சி. மகளை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று கேட்டிருந்தாய்.

முதல் காரியமாக, பர்மிங்காமில் கிராமர் பள்ளி நுழைவுத் தேர்வுக்காக அவளை அனுப்பிவரும் டியூஷனை நிறுத்திவிடு. வேல்ஸில் அப்படித் தேர்வு வைத்துச் சேர்க்கும் கிராமர் பள்ளிகளும் இல்லை, உள்ளாட்சிக்குக் கட்டுப்படாமல் அரசு நிதியில் நடக்கும், இங்கிலாந்தில் திரும்பிய பக்கமெல்லாம் தென்படும் அகாடமிகளும் இல்லை. 22 கவுன்சில்களின், அதாவது உள்ளாட்சி மன்றங்களின், பொறுப்பில் இயங்கும் அரசுப் பள்ளிகள் நுழைவுத் தேர்வு வைப்பதில்லை. விண்ணப்பங்கள் குவியும் பள்ளிகளில்தான் வீட்டு முகவரி முக்கியமாகிறது.

ஏழாம் வகுப்பில் தொடங்கி, 16 வயதில் ஜி.சி.எஸ்.இ. பொதுத் தேர்வு எழுதும் ஏற்பாடு நீ அறிந்ததே. ஆனால் அதன் பிறகு பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் ஏ லெவல் படிக்க எல்லாப் பள்ளிகளிலும் சிக்ஸ்த் ஃபார்ம் என்ற மேல்நிலை வகுப்புகள் இருக்காது. பலர் கல்லூரிக்கு மாறுகிறார்கள். இங்கிலாந்தில் கைவிடப்பட்ட ஒரு வழக்கமும் இங்கே நிலைத்திருக்கிறது: பன்னிரண்டாம் வகுப்பில் எழுதும் ஏ.எஸ். தேர்வு, இறுதி ஏ லெவல் மதிப்பெண்ணில் 40 சதவீதமாகச் சேர்கிறது. கடைசி ஆண்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று பிள்ளைகள் இருந்துவிட முடியாதென்பதால் எனக்கு இது பிடித்திருக்கிறது.

நீ உண்மையில் யோசிக்க வேண்டியது மொழியைப் பற்றித்தான். வெல்ஷ் மொழி 16 வயது வரை எல்லோருக்கும் கட்டாயப் பாடம். அதுவே பயிற்றுமொழியாக அமைந்த முதல் உயர்நிலைப் பள்ளி 1956இல் வடக்கே ரில் நகரில் தொடங்கியது. இன்று கார்டிஃபில் மட்டும் அத்தகையவை மூன்று உள்ளன. வீட்டில் ஒருவருக்கும் வெல்ஷ் தெரியாத பிள்ளைகளும் அவற்றில் நிறையப் படிக்கிறார்கள், ஆனால் அவர்களில் பெரும்பாலோர் தொடக்கப் பள்ளியிலேயே அம்மொழியில் படித்து வந்தவர்கள். பதினொரு வயதில் புதிதாக வரும் உன் மகளுக்கு ஆங்கிலவழிப் பள்ளியே பொருத்தம் என்பது என் எண்ணம்.

ஒரு குறையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 15 வயது மாணவர்களை நாடுவாரியாக ஒப்பிடும் பீசா தேர்வில், 2022ஆம் ஆண்டு கணிதத்தில் இங்கிலாந்து 492 புள்ளி பெற்றபோது வேல்ஸ் பெற்றது 466தான். அந்த ஆண்டே தொடங்கிய புதிய பாடத்திட்டம், வரலாறு, புவியியல் போன்றவற்றை ஒரே துறையாகத் தொகுத்து, எதை எப்படிக் கற்பிப்பது என்பதைப் பெரும்பாலும் பள்ளிகளிடமே விட்டிருக்கிறது. நல்ல ஆசிரியர்கள் கையில் அது வரம். மற்ற இடங்களில் கணிதத்துக்கு நீதான் பக்கத்தில் உட்கார வேண்டியிருக்கும்.

ஏழாம் வகுப்புக்கான இட ஒதுக்கீட்டை மார்ச் 1 அன்று அறிவிப்பார்கள். விண்ணப்பமோ முந்தைய இலையுதிர் காலத்திலேயே முடிந்துவிடும். ஆகவே வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் அந்த முகவரி எந்தப் பள்ளியின் எல்லைக்குள் வருகிறது என்று கவுன்சிலிடம் கேட்டுக்கொள்.

அன்புடன்,
செல்வம்