மூளை நாடிப் புடைப்பு: சிகிச்சைக்குப் பின்னரும் கண்காணிப்பு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மூளையின் நாடியில், அதாவது குருதிக்குழாயில், சுவர் தளர்ந்து ஏற்படும் புடைப்புக்கு (அனியூரிசத்துக்கு) சிகிச்சை பெற்று உயிர்தப்பி ஊர் திரும்பியோர் எமது திருகோணமலை மாவட்டத்திலும் இருக்கின்றார்கள். அவர்களும் அவர்களது குடும்பத்தினரும் நோய் அத்துடன் தீர்ந்துவிட்டதாக நம்பி, பின்னர் எடுக்க வேண்டிய ஸ்கான் பரிசோதனைகளைக் கைவிட்டுவிடுவது எனக்குப் பெரும் கவலையைத் தருகின்றது. முதலாவது புடைப்பு முற்றாக அடைக்கப்பட்ட ஒருவருக்கும், ஆண்டுகள் பல கழிந்த பின்னர், மூளையின் வேறோர் இடத்தில் புதிதாக ஒன்று தோன்றக்கூடும்.

வளர்ந்தோரில் நூற்றுக்கு மூவர் அளவில் இத்தகைய புடைப்பு உள்ளது. பெரும்பாலானவை வாழ்நாள் முழுவதும் வெடிப்பதில்லை. வெடித்துவிட்டாலோ மூன்றிலொரு பங்கினர் அல்லது அதற்கும் மேலானோர் உயிரிழக்கின்றனர். மண்டையோட்டைத் திறந்து புடைப்பின் கழுத்தைக் கிளிப்பினால் இறுக்குவது ஒரு சிகிச்சை முறை. 1937 இல் அமெரிக்க சத்திரசிகிச்சை நிபுணர் வோல்டர் டான்டி இதனைச் செய்துகாட்டினார். தொடை நாடி வழியாக நுண்குழாயைச் செலுத்திப் புடைப்பைப் பிளாட்டினக் கம்பிச் சுருள்களால் நிரப்புவது 1990களில் பரவிய மற்றைய முறை. இரண்டுமே அந்தப் புடைப்பை மூடுகின்றனவே தவிர, அதனைத் தோற்றுவித்த நாடிச்சுவரின் பலவீனத்தை மாற்றுவதில்லை. மூளையின் அடிப்புறத்தில் நாடிகள் கிளைபிரியும் இடங்களில் குருதி இடைவிடாது மோதிக்கொண்டேயிருக்க, உயர் குருதியமுக்கமும் புகைத்தலும் தொடருமாயின், இன்னொரு கிளையிலும் சுவர் தளர்ந்து புடைக்கலாம். முன்னர் அடைத்த புடைப்பில் கம்பிச்சுருள் அமுங்கி மீளவும் குருதி புகுவது வேறொரு சிக்கல். அதனையும் ஸ்கான் மூலமே அறிய முடியும்.

புதிய புடைப்பு தோன்றும் வாய்ப்பு ஆண்டொன்றுக்கு நூற்றுக்கு ஒன்றிலும் குறைவென்றே பெரும்பாலான ஆய்வுகள் கூறுகின்றன. ஆகவே எவரும் அஞ்சி நடுங்க வேண்டியதில்லை. ஆனால் ஆண்டுக்கு அரை வீதம் என்று கொண்டாலும், நாற்பது வயதில் சிகிச்சை பெற்ற ஒருவர் அறுபதை அடையும்போது அது நூற்றுக்குப் பத்தை அண்மிக்கின்றது. முதலிலேயே ஒன்றுக்கு மேற்பட்ட புடைப்புகள் இருந்தோர், நெருங்கிய இரத்த உறவில் இந்நோய் உள்ளோர், புகைப்போர், பெண்கள் ஆகியோருக்கு ஆபத்து மேலும் அதிகம். எமது உறவினரான பெண்ணொருவருக்கு மறுபக்கத்து நாடியில் தோன்றிய இரண்டாவது புடைப்பு வெடிப்பதற்கு முன்னரே கண்டறியப்பட்டது. நலமாக இருக்கையில் எதற்கு ஸ்கான் என்று வீட்டார் தயங்கியபோதும், வைத்தியர் விடாது வற்புறுத்தியதே அதற்குக் காரணம்.

கொழும்பு எமக்கு 250 கிலோமீற்றருக்கும் அப்பால் இருக்கின்றது. கூலித்தொழிலாளி ஒருவர் ஸ்கானுக்காக அங்கு செல்வதாயின் அவரது உழைப்பும் துணைக்குச் செல்பவரது உழைப்பும் இழக்கப்படுகின்றன. நோய் விபர அட்டையோ ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றது. அடுத்த ஸ்கான் எப்போது என்பதை வாசித்தறிய வீட்டில் ஆளில்லாத குடும்பங்கள் பல. அந்த ஒரு வரியையேனும் தமிழிலும் எழுதிக்கொடுப்பதற்கும், சிகிச்சை பெற்றோரின் பதிவேடொன்றை மாவட்ட மட்டத்தில் பேணி உரிய காலத்தில் அவர்களுக்கு அறிவிப்பதற்கும் சுகாதார அதிகாரிகள் ஏற்பாடு செய்ய வேண்டும். பெரிய செலவெதுவும் இதற்கு வேண்டியதில்லை.

குடும்பத்தினர் செய்யக்கூடியவையும் உள்ளன. தலைச்சுற்று இல்லை என்பதற்காகக் குருதியமுக்க மாத்திரையைத் தாமாகவே நிறுத்துவது எம்மவரிடையே மிகச் சாதாரணம். அது மிகவும் ஆபத்தானது. கருவாடும் ஊறுகாயும் அன்றாடம் உண்ணும் கரையோர மக்களாகிய நாம் உப்பைக் குறைப்பதிலும் கவனம் செலுத்த வேண்டும். புகைத்தலை அடியோடு விட வேண்டும். திடீரென்று, முன்னொருபோதும் அனுபவித்திராத கடுமையான தலைவலியும் வாந்தியும் ஏற்பட்டாலோ, கழுத்து விறைத்தாலோ, ஒரு கண்ணின் இமை சரிந்து பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, பனடோலைப் போட்டுக்கொண்டு படுத்துவிடாமல் உடனே 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள்.

கிளிப் பொருத்தப்பட்டவர்கள் அதன் வகை குறிப்பிடப்பட்ட அட்டையைப் பத்திரப்படுத்த வேண்டும். இன்றைய டைட்டேனியம் கிளிப்புகள் எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்குத் தடையில்லை எனினும், பழைய உருக்குக் கிளிப்புகள் சில காந்தப்புலத்தில் அசைந்து உயிராபத்தை விளைவிக்கலாம். சுனாமியில் ஆவணங்களைப் பறிகொடுத்த மாவட்டம் எமது. பிரதியொன்றை வேறு வீட்டிலும் வைத்திருப்பது நன்று.

பரிசோதனையை ஏற்கனவே தவறவிட்டவர்கள் ஏச்சு விழுமோ என்று ஒதுங்கியிருக்க வேண்டாம். பழைய அட்டையுடன் அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் மருத்துவ கிளினிக்குக்குச் சென்று, நரம்பியல் சத்திரசிகிச்சைப் பிரிவுக்கான கடிதத்தைக் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை,
உவர்மலை, திருகோணமலை.