பேத்திக்குத் தமிழை நிறுத்த வேண்டாம்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் இரண்டு தடவை ஊர் வம்புக்காக. மூன்றாவது தடவை கடைசிப் பத்திக்காக. பேத்தி நர்சரியில் வாயே திறப்பதில்லை, "இனி வீட்டிலும் ஆங்கிலமே பேசுங்கள்" என்று அங்கே சொல்லிவிட்டார்கள், மகள் அழுகிறாள் என்று எழுதியிருந்தாயே, அதற்காக.

இன்றைக்கே மகளுக்குப் போன் போட்டு, தமிழை நிறுத்த வேண்டாம் என்று சொல். ஆங்கிலமே பேசச் சொன்னவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் இங்கிலாந்தில் ஐந்து வயதுவரை உள்ள பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடங்களுக்கென்று இருக்கும் அரசு விதிமுறையே, பிள்ளையின் வீட்டு மொழிக்கு விளையாட்டிலும் கற்றலிலும் இடம் கொடுக்கச் சொல்கிறது. புது மொழிக்குள் நுழைகிற குழந்தை சில மாதம் பேசாமல் கேட்டுக்கொண்டே இருப்பது வழக்கம்தான். வீட்டில் எப்படி என்பதுதான் கேள்வி. "அம்மா, தண்ணி தா" என்று கோத்துப் பேசுகிறாளா, சொன்னதைப் புரிந்துகொள்கிறாளா? ஆம் என்றால் கவலையில்லை. தமிழிலும் பேச்சு வரவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். ஹெல்த் விசிட்டர், அதாவது சின்னப் பிள்ளைகளின் வளர்ச்சியைப் பார்க்கும் நர்ஸ், இரண்டு, இரண்டரை வயதில் செய்கிற பரிசோதனை நடந்ததா என்று மகள் கேட்கட்டும். நர்சரியும் இரண்டிலிருந்து மூன்று வயதுக்குள் வளர்ச்சியைப் பற்றி ஒரு சுருக்கம் எழுதித் தரவேண்டும். அதையும் கேட்டு வாங்கட்டும்.

அப்புறம், என்னை இன்னும் "இன்ஸ்பெக்டரம்மா" என்றே எழுதுகிறாய்! சோதனைக்கு வருவது ஆஃப்ஸ்டெட் என்ற அரசு அமைப்பு. நான் உள்ளாட்சி மன்றமான கவுன்சிலின் ஆள், ஆலோசனை சொல்பவள். நர்சரிகளுக்கும் வீட்டிலேயே பிள்ளை பார்க்கும் சைல்ட்மைண்டர்களுக்கும் தகவலும் பயிற்சியும் யோசனையும் கிடைக்கச் செய்வது, பெற்றோருக்குத் தகவல் தருவது, இரண்டுமே 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி கவுன்சிலின் கடமை. ஆனாலும் நான் போனால் ஃபைல்களை அடுக்கி வைத்துக்கொண்டு பரீட்சைக்கு உட்கார்ந்த மாதிரி நிற்கிறார்கள். தப்பு என் பக்கமும் உண்டு. வேலைக்குச் சேர்ந்த வருடம் ஒரு சைல்ட்மைண்டருக்குப் பதினோரு பக்க அறிக்கை அனுப்பினேன். அப்புறம் அவர் என்னைக் கூப்பிடவே இல்லை.

இப்போது ஃபைலை மூடச் சொல்லிவிட்டுத் தரையில் பிள்ளைகளோடு உட்கார்ந்துவிடுகிறேன். போன மாதம் ஒரு நர்சரியில் சுவரெல்லாம் அழகான படங்கள். சாப்பாட்டு மேஜையில் முழு திராட்சை, பார்த்துக்கொள்ள வேண்டியவர் முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் கழுவுகிறார். தொண்டையில் அடைத்தால் குழந்தை சத்தமே போடாது. திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்குங்கள், சாப்பிடும்போது எதிரே உட்காருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். சுவரைப் பற்றி அடுத்த தடவை பேசிக்கொள்ளலாம்.

எனக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்கிறேன். இரண்டு வயதுப் பிள்ளைகள் நான்கு பேருக்கு ஊழியர் ஒருவர் என்றிருந்ததை 2023இல் ஐந்து பேருக்கு ஒருவர் என்று தளர்த்தினார்கள். அழுகிற பிள்ளையை யாரும் கவனித்துவிடுவார்கள். உன் பேத்தி மாதிரி சத்தமில்லாமல் மூலையில் நிற்பதுதான் கண்ணில் படாமல் போகும். அதனால் அவளுக்கென்று பொறுப்பாக இருக்கும் 'கீ பர்சன்' யார் என்று மகள் கேட்டு, அவரோடு பத்து நிமிடம் பேசட்டும். உதவி வேண்டுமென்றால் அந்த ஊர்க் கவுன்சிலில் என்னைப் போன்றவர்களை நர்சரியே கூப்பிடலாம்.

செலவைப் பற்றிக் கேட்டிருந்தாய். வேலைக்குப் போகும் பெற்றோருக்கு ஒன்பது மாதக் குழந்தையிலிருந்தே வாரம் 30 மணி நேரம் அரசு செலவில் பராமரிப்பு என்று 2025 செப்டம்பரில் வந்தது உண்மைதான். ஆனால் கணவன், மனைவி இருவர் விசாவிலும் அரசு நிதி கிடையாது என்றிருந்தால் அது கிடைக்காது. மூன்று வயது முடிந்த அடுத்த ஸ்கூல் டேர்மிலிருந்து வாரம் 15 மணி நேரம், வருடத்துக்கு 38 வாரம், விசா எதுவானாலும் உண்டு. அவள் ஐப்பசியில் பிறந்தவள்தானே? அப்படியானால் ஜனவரியில் தொடங்கும். கவுன்சிலின் குடும்பத் தகவல் சேவையில் கேட்டால் விவரமாகச் சொல்வார்கள்.

ஒரு சின்ன யோசனை. இப்படித்தான் பேசாமலே இருந்த ஒரு தமிழ்ப் பையனுக்காக, பத்துத் தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதி வாங்கி நர்சரியில் ஒட்டினோம். அவனைப் பார்த்துக்கொள்ளும் பெண் மறுநாள் கோப்பையை நீட்டி "தன்னி" என்றார். அவன் சிரித்துவிட்டு, "தண்ணி!" என்று திருத்தினான். அங்கே அவன் பேசிய முதல் சொல் அதுதான்.

மகளையும் அப்படி ஒரு பட்டியல் எழுதித் தரச் சொல். பசிக்குது, வலிக்குது, தூக்கு எல்லாம் இருக்கட்டும். 'மூச்சா'வை மட்டும் மறந்துவிடப் போகிறாள், அவசரத்துக்கு அதுதான் வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி