அந்த அத்தாங்கைப் பிடித்த கைகளுக்கு

அன்புள்ள எல்லாருக்கும்,

போன சனி, ஞாயிறு லண்டனுக்கு மேற்கே கோல்ன் பள்ளத்தாக்கில் உள்ள ஒரு ஏரியில் 27 இறாத்தல் 4 அவுன்ஸ் நிறையுள்ள கண்ணாடிக் கெண்டை (மிரர் கார்ப்) ஒன்றைப் பிடித்தேன். கிலோவில் சொன்னால் 12க்குக் கொஞ்சம் மேல். படத்தைப் பார்த்துவிட்டுப் பலர் வாழ்த்தினீர்கள். படத்தில் நான் மட்டும்தான் நிற்கிறேன். மற்றவர்களைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் அந்த வாழ்த்துகளை வாங்கிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

ஏரி என்று சொன்னாலும் அது மனிதர் வெட்டிய குழிதான். லண்டனில் கட்டடம் கட்டவென்று கோல்ன் ஆற்றோரத்தில் சரளைக்கல் அள்ளினார்கள். அள்ளி முடித்த பள்ளங்களில் தண்ணீர் ஊறி நிறைந்தது. ரேய்ஸ்பெரி, ஹோர்ட்டன் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், எந்த வேலிக்குப் பின்னால் பார்த்தாலும் தண்ணீர். ஹீத்ரோ விமானங்கள் தலைக்கு மேலேயே இறங்கும். இந்த ஏரியின் பெயரை மட்டும் கேட்காதீர்கள். அங்கே மீன் பிடிக்கிறவர்கள் வெளியில் சொல்வதில்லை, நானும் அந்த வழக்கத்தை மதிக்கிறேன்.

மேலே பார்த்தால் அமைதியான தண்ணீர். அடியில் சரளை மேடு, பக்கத்திலேயே சேற்றுப் பள்ளம், எல்லாவற்றையும் மூடிக்கொண்டு கனேடியப் பாசி. மீன்கள் குறைவு. இருக்கிறவையும் பல தடவை பிடிபட்டு, திரும்ப விடப்பட்டு, தூண்டில் என்றால் என்ன என்று நன்றாகப் படித்தவை. மே மாதத்திலிருந்து நாலு தடவை போய் நாலு தடவையும் வெறுங்கையோடு வந்திருந்தேன். நான் கிளிநொச்சிப் பிள்ளை. இரணைமடுக் குளத்தில் அப்பாவோடு குந்தியிருந்து ஜப்பான் மீன் (திலாப்பியா) பிடித்து வளர்ந்தவனுக்கு, ஒரு சின்னக் கடி கூட இல்லாமல் இரண்டு இரவு தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பது பெரிய சோதனை.

முதல் நன்றி, தூண்டில் சாமான் கடையில் வேலை செய்யும் தம்பிக்கு. கடை பூட்டுகிற நேரத்தில் போன என்னை நிற்க வைத்து, பழைய தங்கூசியை (தூண்டில் நூலை) கழற்றி, 15 இறாத்தல் தாங்கும் தங்கூசியைப் புதிதாகச் சுற்றித் தந்தாய். ஹெயார் ரிக் என்ற தூண்டில் முடிச்சைக் கட்டுவதையும் அன்றைக்குத்தான் ஒழுங்காகப் படித்தேன். கெண்டை எதையும் முதலில் வாயால் உறிஞ்சிப் பார்க்கும், பிடிக்காவிட்டால் துப்பிவிடும். இரையைக் கொக்கியில் குத்தாமல் பக்கத்தில் ஒரு மயிர் நூலில் தொங்கவிட்டால், துப்பும்போது வெறும் கொக்கி உதட்டில் ஏறிவிடும். 1970களின் கடைசியில் லென் மிடில்டனும் கெவின் மடொக்ஸும் இதைக் கண்டுபிடித்தபோது உண்மையான தலைமயிரிலேயே கட்டிப் பார்த்தார்கள் என்று நீ சொன்னது மனதில் நின்றுவிட்டது. உன்னுடைய சொந்த பிவ்விக் கூடாரத்தையும் தூக்கித் தந்தாய். சனி இரவு அடித்த மழைக்கு என் பழைய கூடாரம் தாங்கியிருக்காது.

ஏரிக் காவலருக்கும் நன்றி. வெள்ளி பின்னேரம் படலையடியில் மீனை அள்ளும் வலையான என் அத்தாங்கையும், மீனைக் கிடத்தும் பாயையும் கிருமிநாசினித் தொட்டியில் தோய்க்கச் சொன்னவர், நிறுக்கும் பையைத் தொட்டுப் பார்த்தார். போன கிழமை வேறு ஏரியில் பாவித்தது, இன்னும் ஈரம். இப்படி ஈரமான சாமான் வழியாகக் கொய் ஹெர்பீஸ் வைரஸ் ஒரு ஏரிக்குள் வந்தால் கெண்டைகள் கூட்டமாகச் செத்து மிதக்கும். அவர் கோபப்படவில்லை. என் பையை வண்டிக்குள்ளேயே வைக்கச் சொல்லிவிட்டு, தன்னுடைய காய்ந்த பையை எடுத்துத் தந்தார். அந்தக் கவனம் இருப்பதால்தான் அந்த மீன்கள் இத்தனை வருடம் உயிரோடு இருக்கின்றன.

இனி, பக்கத்து இடத்தில் இருந்த பெரியவர்.

எழுபது தாண்டியவர். நான் வண்டியில் இருந்து சாமான் இறக்குவதைப் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் விட்டுவிட்டு முதலில் ஏரியைச் சுற்றி நடப்போம் வா என்றார். ஒரு மணித்தியாலம் நடந்தோம். எங்கே குமிழி வருகிறது, எந்தப் பாசித் திட்டு போன மாதத்தைவிட வளர்ந்திருக்கிறது என்று காட்டிக்கொண்டே வந்தார். சிறுவனாக இருந்தபோது தகப்பன் அவரை லண்டன் மிருகக்காட்சிசாலைக்குக் கூட்டிப்போய், ரெட்மையர் குளத்தில் ரிச்சர்ட் வோக்கர் 1952இல் பிடித்த 44 இறாத்தல் கெண்டையைத் தொட்டியில் காட்டினாராம். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் என்றார்.

பிறகு அவர் செய்ததுதான் பெரிய காரியம். ஜூன் மாதம் முழுக்கக் கொக்கி இல்லாமல் நூல் நுனியில் வெறும் ஈயக் குண்டை மட்டும் கட்டி எறிந்து எறிந்து அடியைத் தேடி, இரண்டு பாசித் திட்டுகளுக்கு நடுவில் மேசை அளவு சுத்தமான சரளை இடம் ஒன்றைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். அதை எனக்குச் சொன்னார். எதிர்க்கரையில் தனியாக நிற்கும் வில்லோ மரத்துக்கு நேரே, பன்னிரண்டு அடி இடைவெளியில் நட்ட இரண்டு குச்சிகளுக்கு இடையே தங்கூசியைப் பதினாறு தரம் ஓட்டி அளக்கிற தூரம். அதாவது 64 யார். கெண்டை பிடிக்கிறவர்களுக்குள் இது காணி எழுதிக் கொடுக்கிற மாதிரி. நான் எறிந்தபோது ஈயம் கல்லில் தட்டிய அதிர்வு தடி வழியாகக் கையில் ‘டொக்’ என்று வந்தது. ‘அதுதான்’ என்று தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். போகும்போது, ஈயம் கழன்று விழக்கூடிய கொளுவியைப் போடு, பாசிக்குள் ஈயத்தோடு இழுத்தால் மீன் அங்கேயே சிக்கிக் காயப்படும் என்று சொன்னார்.

வெள்ளி இரவு ஒன்றும் இல்லை. சனி பகல் ஒன்றும் இல்லை. மத்தியானம் ஹரோவில் இருந்து அண்ணா இடியப்பம், சொதி, ஒரு போத்தல் தேத்தண்ணியோடு வந்து இறங்கினார். அண்ணா, நீங்கள் மீனைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சும்மா பக்கத்தில் இருந்து ஊர்க்கதை கதைத்தீர்கள். அன்று பின்னேரம் சாமானைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக யோசித்திருந்தேன். நீங்கள் வந்ததால் நின்றேன். அந்த இடியப்பத்தில் பாதியைப் பெரியவர் சாப்பிட்டார், சொதியைக் குடித்தே முடித்தார்.

இருட்டும்போது காற்று தென்மேற்குக்குத் திரும்பியது, மழையும் வந்தது. ஞாயிறு விடிய 3.40க்கு, மீன் இழுத்தால் ஒலிக்கும் தூண்டில் அலாரம் ஒரே மூச்சில் கத்தியது. தடியைத் தூக்கினால் மறுபக்கம் ஒரு கனம், தலையாட்டிக்கொண்டே போகிற கனம். ஈயம் கழன்றது, மீன் மேலே வந்தது, பாசிக்கு மேலாக இழுத்துக் கிட்டக் கொண்டுவந்துவிட்டேன். கரைக்குப் பத்தடியில் ஓரப் பாசிக்குள் தலையைப் புதைத்துக்கொண்டு நின்றுவிட்டது. இழுத்தாலும் வரவில்லை, விட்டுக் கொடுத்தாலும் அசையவில்லை. எனக்குக் கை நடுங்கியது. திரும்பிப் பார்த்தால் பெரியவர், மார்பளவு ரப்பர் காற்சட்டையோடு, என் அத்தாங்கைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கிவிட்டார். நான் கூப்பிடவே இல்லை, அலாரம் கேட்டு வந்திருக்கிறார். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று ஒரு கையால் பாசியை நார் நாராகப் பிய்த்தார். நெற்றி லைட் வெளிச்சத்தில் ஒரு பெரிய செதில் மின்னியது. அத்தாங்கு மேலே வந்தபோது உள்ளே பாதி பாசி, பாதி மீன்.

பாயை நனைத்து, கையை நனைத்து, மீன் மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே கொக்கியைக் கழற்றினோம். கீழ் உதட்டில் சின்னத் துளை. அதில் அவர் மருந்து வைத்தார், ஒரு குழந்தைக்கு வைக்கிற மாதிரி. முதுகோரம் ஒரு வரிசை செதில், ஒவ்வொன்றும் ஐம்பது பென்ஸ் காசு அளவு. நிறுத்து, படம் எடுத்து, இரண்டு கையாலும் தண்ணீரில் பிடித்தேன். வாலை ஒரு தரம் அடித்தது, என் முகமெல்லாம் தண்ணீர். போய்விட்டது.

இரண்டு நாளும் பிள்ளைகளைத் தனியாகப் பார்த்துக்கொண்ட என் மனைவிக்கு, நாலு மணிக்கு எழுப்பி மீன் கதை சொன்னபோதும் சந்தோஷப்பட்டதற்கு, நன்றி.

பெரியவருக்குத் தமிழ் தெரியாது. மகள் இந்த மடலை ஆங்கிலத்தில் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். படத்தோடு சேர்த்து வருகிற சனிக்கிழமை அவரிடம் கொடுப்பேன். அண்ணா, சொதி கொஞ்சம் கூடத் தேவைப்படும்.

தம்பி, உன் பிவ்வியைக் கழுவிக் காயப் போட்டிருக்கிறேன். புதன்கிழமை கடைக்குக் கொண்டுவந்து தருகிறேன்.

அன்புடனும் நன்றியுடனும்,
உங்களில் ஒருவன்