கயல் மேல் உள்ள வழக்கு

அன்புள்ள மூர்த்தி,

கால் வலி குறைந்து நீ மறுபடி ஓ.பி. பார்க்க ஆரம்பித்ததில் சந்தோஷம். மாடிப்படி மட்டும் கொஞ்ச நாள் வேண்டாம்.

"ரெசிடென்சி (மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டே பெறும் சிறப்புப் பயிற்சி) முடிக்கும் முன்பே, சிகிச்சையில் தவறு என்று மகள் மேல் கேஸ், இனி யார் வேலை கொடுப்பார்கள்" என்று கேட்டிருக்கிறாய். கொடுப்பார்கள். இங்கே அமெரிக்காவில், எங்கள் மருத்துவமனையில் புது டாக்டர்களின் விண்ணப்பங்களைப் பார்க்கும் குழுவில் நானும் இருக்கிறேன். ஒரு வழக்குகூட இல்லாத வயதான சர்ஜன் வந்தால்தான் எங்களுக்கு ஆச்சரியம். அபாயம் அதிகமுள்ள பிரிவுகளில் 99 சதவீத டாக்டர்கள் 65 வயதுக்குள் ஒரு தடவையாவது இதைச் சந்திப்பார்கள் என்று 2011இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் ஆய்வு ஒன்று கணக்கிட்டது. பெரும்பாலானவை காசு கைமாறாமலே முடிந்துபோகும்.

காசு கைமாறினால் கதை வேறு. நேஷனல் பிராக்டிஷனர் டேட்டா பேங்க் என்று மத்திய அரசின் பதிவேடு 1990 முதல் இங்கே இருக்கிறது. டாக்டர் சார்பில் இன்ஷூரன்ஸ் கம்பெனி எவ்வளவு சின்னத் தொகை கொடுத்தாலும் 30 நாளுக்குள் அதில் ஏற்ற வேண்டும். ரெசிடென்ட் என்று விலக்கு கிடையாது. வேலைக்குச் சேரும்போதும், பிறகு இரண்டு வருடத்துக்கு ஒரு முறையும் மருத்துவமனை அதைப் பார்த்தே ஆக வேண்டும் என்பது சட்டம். பொதுமக்களால் பார்க்க முடியாது என்பது ஒரு ஆறுதல்.

அதனால் கயலின் பெயர் வழக்கிலிருந்து எப்படி வெளியே வருகிறது என்பதுதான் முக்கியம். பணம் பேசி முடிப்பதற்கு முன்பே, அதோடு சம்பந்தமில்லாமல் அவளை நீக்கினால் பதிவு இல்லை. "பணத்தைக் கொடுங்கள், இவளை விட்டுவிடுகிறோம்" என்று பேரத்தோடு சேர்த்து நீக்கினால் பதிவு உண்டு. மருத்துவமனை வக்கீல் இதைத் தானாகச் சொல்வார் என்று காத்திருக்க வேண்டாம். அவருக்கு ஃபைல் மூடினால் சரி. தனியாக ஒரு வக்கீலிடம் கேட்கட்டும்.

அப்புறம், விண்ணப்பப் படிவம். லைசென்ஸ் போர்டு, மருத்துவமனை, இன்ஷூரன்ஸ் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி கேட்கும். பல படிவங்கள் நிலுவையில் உள்ளது, தள்ளுபடியானது எல்லாவற்றையும் கேட்கும். "தள்ளுபடிதானே" என்று சிலர் "இல்லை" என்று போட்டுவிடுவார்கள். பழைய இன்ஷூரன்ஸ் கம்பெனி அனுப்பும் விவரத்தில் அது அப்படியே இருக்கும். அப்படி ஒருவரை நாங்கள் வேண்டாம் என்றோம். வழக்கு ஒன்றுமில்லாத வழக்கு, பொய்தான் இடித்தது.

விளக்கம் அரைப் பக்கம் போதும். என்ன நடந்தது, தன் பங்கு என்ன, வழக்கு எந்த நிலையில் இருக்கிறது, அவ்வளவுதான். நோயாளியின் பெயர் வேண்டாம். சீனியர் டாக்டர் மேல் பழி போட்டு மூன்று பக்கம் எழுதுகிறவர்களைக் கண்டால் எங்கள் குழுவில் யாருக்கும் பிடிப்பதில்லை. எழுதியதை வக்கீலிடம் காட்டிவிட்டு அனுப்பட்டும். சரிபார்க்க வழக்கத்தைவிட நாளாகும், ஆகவே விண்ணப்பத்தைச் சீக்கிரமே போடச் சொல்.

ஞாயிற்றுக்கிழமை அவள் என்னைக் கூப்பிடட்டும். படிவம் பற்றிப் பேசுவோம், கேஸ் விவரம் என்னிடமும் வேண்டாம். வக்கீலிடம் சொல்வதற்கு உள்ள பாதுகாப்பு மாமாவிடம் சொல்வதற்கு இல்லை. அப்பாவிடம் சொல்வதற்கும் இல்லை, அதனால் நீயும் தினமும் போன் போட்டுத் துருவாதே.

அன்புடன்,
சேகர்